காருக்கு வீட்டிலேயே ஆயில் மாத்தலாமா? புதுச்சேரிவாசிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்!

சின்ன கார் வைத்திருக்கும் பலருக்கும் ஒருமுறையாவது இந்த யோசனை வந்திருக்கும்: ‘ஆயில் மாத்துறதுக்கு எதுக்கு சர்வீஸ் சென்டர்? நாமே மாத்திடலாமே!’

மாற்றலாம். கருவிகள் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைதான். ஆனால் இன்ஜினிலிருந்து வெளியே வரும் பழைய ஆயிலை எங்கே கொடுப்பது? சின்ன கார் என்றாலும் அது சுமார் 3 லிட்டர் இருக்கும். நிலத்தடி நீரைக் குடித்து வாழும் புதுச்சேரி போன்ற கடலோர நகரத்தில் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். எப்படி மாற்றுவது, பழைய ஆயிலை என்ன செய்வது? முழு விவரம் இதோ.

ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்?

இன்ஜினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது ஆயிலின் முதல் வேலை. சூட்டைக் கடத்துவது, கரியையும் தூசியையும் சுமந்துவந்து ஃபில்டரில் சேர்ப்பது, துருப்பிடிக்காமல் தடுப்பது ஆகியவையும் அதன் வேலைகளே. ஓட ஓட ஆயிலில் கலந்திருக்கும் வேதிப்பொருட்கள் தீர்ந்துபோகும். அதன் பிறகு ஆயில் இருந்தும் பயனில்லை.

மாருதி சின்ன பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ‘வண்டி 4,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குப் போய் வருவது போன்ற குறைந்த தூர ஓட்டத்தில் இன்ஜின் முழுசா சூடாவதே இல்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். கிலோமீட்டர் குறைவு என்றாலும் வருடக் கணக்கைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எந்த ஆயில்? எவ்வளவு?

காரோடு வந்த கையேட்டில் கிரேடும் அளவும் இருக்கும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்பதெல்லாம் கிரேடுகள். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும்.

‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி’ என்று சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்டு கிரேடை மாற்றக் கூடாது. இன்றைய இன்ஜின்களின் இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்காகவே அளந்து செய்யப்பட்டவை.

என்னென்ன தேவை?

* கையேட்டில் சொன்ன ஆயில், புது ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்
* போல்ட் அளவுக்குச் சரியான ஸ்பேனர் அல்லது சாக்கெட், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச்
* குறைந்தது 5 லிட்டர் பிடிக்கும் அகலமான பேசின், புனல், மூடி இறுக்கமான கேன்
* நைட்ரைல் கையுறை, பனியன் வேஸ்ட், தரையில் விரிக்கப் பழைய அட்டை
* ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கட்டைகள்

இதில் ஜாக்கி ஸ்டாண்ட் ரொம்ப முக்கியம். ஸ்டெப்னி மாற்றக் காரோடு கொடுக்கும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. அது சரிந்தால் தப்பிக்க நேரமே இருக்காது. செங்கல், ஹாலோ பிளாக் கல் வைத்துத் தாங்குவதும் ஆபத்து. அவை திடீரென நொறுங்கிவிடும்.

எப்படி மாற்றுவது? படிப்படியாக...

1. வண்டியைச் சமதளத்தில், சிமெண்ட் தரையில் நிறுத்த வேண்டும். மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கவும். இளம் சூட்டில் ஆயில் நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓட்டிவந்த கையோடு செய்தால் ஆயில் கையைச் சுட்டுவிடும்.

2. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, வண்டி ஆடுகிறதா என்று தள்ளிப் பார்க்கவும்.

3. பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிடவும். காற்று உள்ளே போனால் ஆயில் சீராக வடியும்.

4. ஆயில் சேம்பரின் அடியில் டிரெயின் போல்ட் இருக்கும். கியர்பாக்ஸ் போல்ட்டை இதுவென்று நினைத்துக் கழற்றிவிடுவது புதிதாகச் செய்பவர்கள் செய்யும் தவறு. படம் பார்த்து உறுதி செய்யவும். பேசினை வைத்து, கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றவும். ஆயில் முதலில் சாய்வாகப் பீய்ச்சும் என்பதால் பேசினைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

5. 10 முதல் 15 நிமிடம் முழுசா வடியவிடவும். பிறகு புது வாஷரோடு போல்ட்டை முதலில் கையால் திருகி, அதன் பிறகே ஸ்பேனரால் இறுக்கவும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அப்புறம் சேம்பரையே மாற்ற வேண்டியிருக்கும்.

6. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்கவும். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, மேலே புது ஃபில்டர் ஏறினால், இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மொத்தமும் வெளியே கொட்டும். புது ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே திருகவும். ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று பெரும்பாலும் போதும்.

7. வண்டியை இறக்கி, கையேட்டில் சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றவும். மூடியைப் போட்டு ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிடவும். ஆயில் பிரஷர் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

8. ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, இரண்டு குறிகளுக்கும் இடையில், மேல் குறியை ஒட்டி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். அடியில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்கவும். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்துக்கொள்ளவும். அவ்ளோதான்.

மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் காக்காது.

பழைய ஆயில்: உண்மையான சிக்கல் இங்கேதான்

ஒரு காரில் ஒருமுறை ஆயில் மாற்றும்போது வெளியேறும் பழைய ஆயில், 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுத்துவிட முடியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பழைய ஆயிலில் எண்ணெய் மட்டும் இல்லை. தேய்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்து உண்டான நச்சுப் பொருட்களும் சேர்ந்திருக்கும். அடிக்கடி தோலில் பட்டால் தோல் புற்றுநோய் அபாயம் உண்டு. கையுறை கட்டாயம் என்பது அதனால்தான்.

புதுச்சேரிக்கு இது இன்னும் பெரிய விஷயம். நகரத்தின் குடிநீர் நிலத்தடி நீரிலிருந்துதான் வருகிறது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. கடலோரக் கிணறுகளில் ஏற்கெனவே உப்பு ஏறிவரும் நிலையில், மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரில் ஆயிலும் கலந்தால் எங்கே போவது?

சாக்கடையில் ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதும் தப்புக்கணக்கு. வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்கால் உட்பட நகரின் வாய்க்கால்கள் கடைசியில் கடலில்தான் சேர்கின்றன. அதே கடலில்தான் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீனவர்கள் தொழிலுக்குப் போகிறார்கள்.

வாசல்படி இறங்கினால் தெரு என்கிற நகர வீடுகளில் தெருவிலேயே இந்த வேலையைச் செய்வதும் சரியில்லை. சிந்திய ஆயிலில் முதலில் சறுக்குவது இருசக்கர வாகனமாகத்தான் இருக்கும். சொந்த கார் ஷெட்டோ சிமெண்ட் தரையோ இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். 2023-ல் இந்த விதிகள் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பழைய ஆயிலின் மறுசுழற்சியில் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் கவனிக்கும் இந்த வேலையை, யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் மாசு கட்டுப்பாட்டுக் குழுமம் கவனிக்கிறது.

அப்போ வீட்டில் மாற்றியவர் என்ன செய்யணும்?

* புது ஆயில் வந்த கேனிலேயே பழைய ஆயிலை ஊற்றி, ‘பழைய ஆயில்’ என்று எழுதி ஒட்டவும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு.
* தண்ணீர், பெட்ரோல், கூலன்ட் எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் மறுசுழற்சி கடினம்.
* பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு, அந்த ஆயிலையும் கேனில் சேர்க்கவும்.
* வழக்கமாகப் போகும் சர்வீஸ் சென்டரிலோ பெரிய ஒர்க்‌ஷாப்பிலோ கேட்டுப் பார்க்கவும். அங்கே பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து வைப்பார்கள். ‘யாருக்குக் கொடுக்கிறீங்க?’ என்று கேட்பதில் தப்பில்லை. இதை ஆயில் வாங்கும் முன்பே கேட்டு முடிவு செய்துகொள்வது நல்லது.

சென்டரிங் பலகைக்குத் தடவ, கரையானுக்கு ஊற்ற என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடும் பழக்கம் உண்டு. அங்கேயும் அந்த ஆயில் மண்ணில்தான் இறங்குகிறது. முறையாகச் சுத்திகரித்தால் அதே ஆயில் மறுபடியும் இன்ஜினுக்கே பயன்படும். சுமார் 160 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெயை, 4 லிட்டருக்கும் குறைவான பழைய ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம் என்கிறது அதே அமெரிக்க முகமை.

யார் வீட்டில் மாற்றக் கூடாது?

வாரண்டி காலத்தில் உள்ள காரைத் தொட வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் பதிவு இல்லை என்றால் பின்னாளில் வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரலாம்.

வெள்ளத்தில் நின்ற காரும் அப்படித்தான். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதுபோன்ற நேரத்தில் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. வண்டியைக் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் ஒரே வழி.

மற்றபடி பழைய சின்ன கார், சமமான தரை, ஜாக்கி ஸ்டாண்ட், பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஒரு இடம், இந்த நான்கும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராளமாக ஆரம்பிக்கலாம். நான்காவது இல்லை என்றால், லேபர் காசைக் கொடுத்து மெக்கானிக்கிடம் விடுவதே ஊருக்கும் குடிக்கும் தண்ணிக்கும் நல்லது.