கியூபாவில் மங்கிய கண்கள்: 1898, 1992

சமீபத்தில் எனக்கு ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவுன்னு வந்தது. மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "எழுத்து மங்கலா தெரியுதா? சிவப்பு நிறம் வெளிறிப்போன மாதிரி இருக்கா?" கண்ணும் வைட்டமினும்னா நமக்கெல்லாம் வைட்டமின் ஏ, மாலைக்கண் அவ்வளவுதானே தெரியும். பி12-க்கு எதுக்கு இந்தக் கேள்வி? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன், கடைசியில் கியூபாவில் போய் நின்றேன்.

1991 கடைசியில் சோவியத் யூனியன் கலைந்தது. கியூபாவுக்கு எண்ணெயும் தானியமும் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. மறு வருஷம் அமெரிக்காவும் தன் வர்த்தகத் தடையை இறுக்கியது. கியூபத் துறைமுகத்தில் வியாபாரத்துக்கு நின்ற கப்பல், அடுத்த 180 நாளுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கக் கூடாது. பஸ் ஓட டீசல் இல்லை. சனங்கள் சீனச் சைக்கிளில் மைல் கணக்கா மிதித்து வேலைக்குப் போனார்கள். இறைச்சி, பால், முட்டை எல்லாம் அரிதாயிற்று. பலருக்குச் சர்க்கரை கரைத்த தண்ணிதான் காலை ஆகாரம். இதுதான் கொடுமை: சர்க்கரையை உடம்பு எரிக்கணும்னா பி1 வேணும். இருந்த கொஞ்சமும் அதிலேயே கரைந்தது.

தீவின் மேற்குக் கோடியில், புகையிலை விளையும் பினார் டெல் ரியோ மாகாணத்தில்தான் முதல் நோயாளிகள் வந்தார்கள். வலி கிடையாது. இரண்டு கண்ணிலும் நட்டநடுவே மங்கல். ஓரம் தெரியும், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. காரணம் பார்வை நரம்பில் இருக்கிறது. நடுப்பார்வையைச் சுமக்கும் இழைகள் ரொம்ப மெல்லிசு, ஆனா ஆற்றல் நிறைய கேட்கும். பி1, பி12, ஃபோலிக் அமிலம் குறைந்து ஆற்றல் உற்பத்தி படுத்தால் முதலில் சாய்வது அவைதான். புகையிலைப் புகையில் சயனைடும் இருக்கிறது. அதை முறிக்க பி12 உதவும்; அதுவும் இல்லையென்றால்? பிறகு நடந்த ஆய்வில், சுருட்டு பிடிப்பவர்களுக்கு ஆபத்து மிக அதிகம் என்று தெரிந்தது.

ஆனா அன்றைக்கு யாருக்கும் நிச்சயமில்லை. தொற்றுநோயோ என்ற பயம். சில நோயாளிகளின் தண்டுவட நீரில் காக்ஸாக்கி வகை வைரஸ் கிடைத்ததாகக் கியூப விஞ்ஞானிகள் சொன்னார்கள். 'சனங்கள் சரியாச் சாப்பிடலை' என்பதைவிட 'வைரஸ்' என்பது எந்த அரசாங்கத்துக்கும் சொல்ல வசதியான காரணம்தான், இது என் அபிப்பிராயம். இருந்தாலும் 1993-ல் அதே அரசாங்கம் நாட்டில் உள்ள எல்லாருக்கும், ஒரு கோடிக்கு மேற்பட்ட பேருக்கு, வைட்டமின் மாத்திரை கொடுத்தது. புதுசா வருவோர் எண்ணிக்கை மளமளவென இறங்கியது. அதற்குள் கண்ணிலும் கை கால் நரம்பிலுமாகப் பாதிக்கப்பட்டவர்கள் 50,000-க்கு மேல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இதற்கு முந்தைய கதை. 1898-ல், சுதந்திரப் போர் நடக்கும்போது, அமெரிக்கக் கடற்படை கியூபாவை முற்றுகையிட்டது. அப்போதும் சோற்றுக்குத் திண்டாட்டம். டொமிங்கோ மதான் என்ற மருத்துவர் இதே மாதிரி கண் மங்கி வந்தவர்களைப் பார்த்து, உணவுப் பற்றாக்குறைதான் காரணம் என்று எழுதி வைத்தார். 'வைட்டமின்' என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது, கவனியுங்கள்! அந்த நோய்க்கு 'முற்றுகைப் பார்வைக்குறை' என்றே ஒரு பெயர் இருந்தது.

1993-ல் குழந்தைகள் ஏறக்குறைய தப்பித்தார்கள். ஏழு வயசுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு ரேஷனில் பால் நிற்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும் தனி ஒதுக்கீடு இருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் 25-லிருந்து 64 வயசுக்காரர்கள், வீட்டைத் தாங்குகிற வயசு. சீக்கிரம் மாத்திரை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பியது. தாமதமானவர்களில் சிலருக்கு அந்த நடு மங்கல் அப்படியே நின்றுவிட்டது. செத்த நரம்பிழை மறுபடி முளைப்பதில்லை.