இஞ்சிக்குள் ஒரு வேர்

இஞ்சி தின்ற குரங்கைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. இன்று இஞ்சியைப் பற்றிப் பேசுவோம், நேயர்களே.

ஆங்கிலேயர் 'ஜிஞ்சர்' என்பர். இலத்தீனில் 'ஸிங்கிபெர்', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்'. அரபியில் 'ஸஞ்சபீல்', திருக்குர்ஆனின் 76 ஆம் அத்தியாயத்திலே சுவர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பது இதுதான். வடமொழியிலோ 'சிருங்கவேரம்'. குகனுடைய ஊரை வான்மீகி சிருங்கவேரபுரம் என்கிறாரே, அதே சொல்.

சிருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடல். மான்கொம்பு போலக் கிளைத்த கிழங்காதலின் அப்பெயர் என்று நெடுங்காலம் விளக்கம் சொன்னார்கள். கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் பாளி மொழி குறுக்கே நிற்கிறது. பாளியில் கொம்பு 'சிங்க', இஞ்சியோ 'சிங்கிவேர'. கொம்புதான் மூலமென்றால் இந்த இகரம் எங்கிருந்து வந்தது? பின்பகுதியில் இருப்பது உடலன்று, நமது வேர். முன்பகுதி, சகரத்தோடு தொடங்கிய பழந்திராவிடச் சொல். தமிழிலே சிறகு இறகாகவும் சிப்பி இப்பியாகவும் வழங்குவது போல, இங்கும் அச்சகரம் உதிர்ந்து இஞ்சியாயிற்று. பொருள் விளங்காத சொல்லுக்கு வடமொழியார் பின்னர் கொம்பு முளைக்க வைத்தனர்.

அதற்காக, முசிறித் துறையிலே 'இஞ்சிவேர்' என்று தமிழன் சொல்ல, கிரேக்கன் கேட்டு எழுதிக்கொண்டான் என்று மார்தட்டுவதும் சரியன்று. நம்மிடம் உதிர்ந்த முதலொலி அவன் சொல்லில் நிற்கிறது. பிராகிருத மொழிகளின் வழியாகவே அது அவனிடம் போயிருக்கவேண்டும். அலன் றொஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்கென்றே 1952 இல் தனி நூல் எழுதினார்.

முதலாம் நூற்றாண்டில் உரோமரான பிளினி, இஞ்சி ஓர் இறாத்தல் 6 தெனாரியஸ் என்று விலை குறித்திருக்கிறார். மிளகுச் செடியின் வேர்தான் இஞ்சி என்று சிலர் எண்ணியதையும் மறுக்கிறார். பெயருக்குள்ளேயே 'வேர்' இருந்தது அவருக்குத் தெரியாது.

சிங்களத்தில் 'இங்குரு'. தமிழிலிருந்து எடுத்தது என்று நம்மவர் சொல்லிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். பழைய சகரம் ஹகரமாகிப் பின் மறைவது சிங்களத்துக்கும் உள்ள வழக்கம். 'சிங்கிவேர' தன் வழியே நடந்து 'இங்குரு'வாகியது என்பதே பொருத்தம். ஈற்றிலே நிற்கும் 'ரு' அந்தப் பழைய வேரின் மிச்சம். தமிழ் இஞ்சி அந்த வேரைத் தன்னோடு வைத்திருக்கவில்லை.