புளிப்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கை

புளிப்பான பண்டத்தில் கிருமி தங்காதுன்னு நாம நம்புறோம். ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அமெரிக்காவில் ஆப்பிள் சாறு பிழிந்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். காய்ச்சாமலே தலைமுறை தலைமுறையாக விற்றார்கள். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு.

1982-இல் ஆரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்ட சிலருக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. காரணம், ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா. மாட்டுக்குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் வாழும். மனிதருக்குள் போனால் சிறுநீரகம் வரை சேதப்படுத்தும். சரியாக வேகாத இறைச்சியில் வருவது என்று அதற்கு முத்திரை விழுந்தது.

1991-இல் மாசசூசெட்ஸில் 23 பேர் அதே நோயில் விழுந்தார்கள். இந்தமுறை குடித்தது ஆப்பிள் சாறு! தரையில் விழுந்த பழங்களைக் கழுவாமல் பிழிந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மாடுகள் மேய்ந்த நிலம். சோதித்துப் பார்த்தால், குளிரூட்டிய சாற்றில் இந்தக் கிருமி 20 நாள் உயிரோடு இருந்தது. 1993-இல் இது ஆய்விதழில் வெளியானது.

எப்படித் தாங்குகிறது? குடலுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டணும். அதற்கான ஏற்பாடுகளோடுதான் அது வாழ்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அமிலம் உள்ளே கசிந்தால் குளூட்டமேட்டை (நம்ம அஜினோமோட்டோவில் இருப்பதுதான்) உடைக்கும். ஒவ்வொரு முறையும் அமிலத்தின் ஒரு புரோட்டான் செலவாகிவிடும். மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டு இன்னொரு குளூட்டமேட்டை உள்ளே இழுக்கும். சாற்றின் புளிப்புக்கு வேறொரு தற்காப்பும் வைத்திருக்கிறது. இரைப்பையையே தாண்டக்கூடியதற்கு ஆப்பிள் புளிப்பு எம்மாத்திரம்?

இது அச்சில் வந்து மூன்று வருஷம் கழித்து, 1996-இல், ஒரு பெரிய நிறுவனத்தின் காய்ச்சாத ஆப்பிள் சாற்றால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கனடாவிலும் சுமார் 70 பேருக்கு நோய் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. 1998-இல் காய்ச்சாத சாற்றுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் வந்தது. கிருமிகளை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்று சாறு தயாரிப்பாளர்களுக்கு விதி அறிவிக்கப்பட்டது 2001-இல்.

ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் நாட்களும் துணை நிற்கின்றன. பிழிந்த அன்றே குடிக்கும் சாற்றுக்குத் துணை வெறும் புளிப்புதான். அது போதாது என்று 1991-லேயே தெரிந்துவிட்டது; விதியாக மாறத்தான் பத்து வருஷம் ஆனது.