கடிதமும் கைப்பேசியும்

பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, நெடுங்காலம் ஊரோடு உறவாக நின்றது கடிதமே. அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம் என்னும் முறை இந்நாட்டில் 1854-ஆம் ஆண்டு நிலைபெற்றது. அரையணாத் தலை ஒட்டிய கடிதம் அடுத்த ஊருக்கும் சென்றது, கல்கத்தாவுக்கும் சென்றது. 1879-இல் காலணாக் கார்டு வந்தது. மறு ஆண்டே மணியார்டர் வேலையை அஞ்சல் நிலையங்கள் ஏற்றன. எழுத்தறியாதார் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர்; வந்த கடிதத்தைத் தபால்காரரே படித்துக் காட்டியதும் உண்டு.

1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு முதல் கைப்பேசி அழைப்புச் சென்றது. அடுத்த மாதமே இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2013 ஜூலையில் தந்தி விடைபெற்றது.

இம்மாறுதலால் விளைந்த நன்மை சிறிதன்று. எழுதப் படிக்க அறியாத தாய், இடையில் ஒருவர் துணையின்றி, மகனின் முகம் கண்டு தன் துயரைத் தானே சொல்கிறாள். இதனை இகழ்வார் யார்?

ஆயினும் இழந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1928-இல் ஜவஹர்லால் நேரு அலகாபாத்திலிருந்து, முசூரியில் இருந்த தம் பத்து வயது மகளுக்கு உலகத் தோற்றம் பற்றிக் கடிதங்கள் எழுதினார். பிரிவே அவரை எழுதத் தூண்டியது. எழுதியதால் அவை நூலாகி நமக்கும் கிடைத்தன. பேச்சாக முடிந்திருப்பின் காற்றோடு போயிருக்கும்.

நம் இல்லங்களிலும் கம்பியில் கோத்து வைத்த பழங்கடிதங்கள் இருந்தன. அரிசி விலை, வீட்டு வாடகை, தங்கையின் திருமணச் செலவு ஆகியவற்றை அவை கூறும். வேற்று மாநிலத்தில் வாழ்ந்த எளிய தமிழரின் வரலாற்றுக்கு அவற்றினும் சிறந்த சான்று ஏது? கைப்பேசிச் செய்திகளோ கருவி மாறும்போது பெரும்பாலும் அதனோடு மறைகின்றன.

மற்றோர் இழப்பும் உண்டு. பள்ளியில் வேற்றுமொழி பயின்ற நம் குழந்தைகளுக்குக் கடிதமே தமிழ்ப் பள்ளியாக இருந்தது. தந்தையின் கடிதத்தின் அடியில் பாட்டிக்கு இரண்டு வரி எழுதும்போதே அவர்கள் கை தமிழுக்குப் பழகிற்று. இன்று அவர்கள் பாட்டியுடன் தமிழில் பேசுகின்றனர். ஆனால், பலருக்கு எழுத வரவில்லை.

கைப்பேசியைக் கைவிட வேண்டுவதில்லை. கார்டு இன்றும் அஞ்சல் நிலையத்தில் கிடைக்கிறது. திங்களுக்கு ஒன்றேனும் குழந்தையின் கையால் ஊருக்கு எழுதச் செய்வோமாக. பாட்டி அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வாள்.