அந்தரத்தில் நின்ற சிலை: ஒரு செய்தியின் வரலாறு

புவியியல் அறிஞர் ஸகரிய்யா அல்கஸ்வீனி (மறைவு: ஹிஜ்ரி 682, கி.பி. 1283) தமது ‘ஆஸாருல் பிலாத்’ என்னும் அரபு நூலில் சோமநாதர் ஆலயம் குறித்து வியப்புக்குரிய செய்தியொன்றைத் தருகிறார். அங்கிருந்த சிலை கீழே தாங்குவாரின்றியும் மேலே பிணைப்பின்றியும் அந்தரத்தில் நின்றதாம். சுல்தான் மஹ்மூத் காரணம் வினவ, விதானம் காந்தக்கல்லால் ஆனது, சிலை இரும்பாலானது என்று உடனிருந்தோரில் ஒருவர் விளக்கினாராம். விதானக் கற்கள் சில அகற்றப்பட்டதும் சிலை ஒருபுறம் சாய்ந்தது. மேலும் சில அகற்றப்படவே தரையிறங்கியது. எலியட், டௌசன் தொகுப்பின் வழியே இச்செய்தி ஆங்கிலத்திலும் பரவியது.

இதனை எவ்வாறு எடைபோடுவது? ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த முதல் வினா, சொல்பவர் நிகழ்ச்சிக்கு எவ்வளவு அண்மையில் இருந்தார் என்பதாகும். படையெடுப்பு நடந்தது ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025-26). கஸ்வீனியோ இரண்டரை நூற்றாண்டு பிற்பட்டவர். மஹ்மூதின் காலத்திலேயே கஸ்னாவில் வாழ்ந்து, சமஸ்கிருதம் பயின்று, கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பீரூனியும் சோமநாதரைக் குறிப்பிடுகிறார். அது லிங்கம் என்றும், மேற்பகுதி உடைக்கப்பட்டு எஞ்சியது கஸ்னாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்றும் கூறும் அவர், அது அந்தரத்தில் நின்றதாகக் கூறவில்லை.

கதையோ மிகப் பழையது. அலெக்சாந்திரியாவில் அர்சினோயீ அரசிக்குக் காந்தக்கல் விதானத்தின்கீழ் இரும்புச் சிலை நிறுத்த ஒருவர் முயன்றதாகவும், பணி முடியுமுன் அவர் இறந்ததாகவும் உரோமர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதினார். இடைக்கால ஐரோப்பியர் இதே கதையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது சுமத்தினர். அவர்களது பேழை காந்தத்தால் அந்தரத்தில் நிற்கிறது என்றனர். ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில், மதீனாவின் மண்ணில் நபிகளார் நல்லடக்கம் செய்யப்பட்டதை அறிந்த நமக்கு, இப்பொய் எவ்வாறு பிறந்திருக்கும் என்பது நன்கு விளங்கும். பிறர் வணங்குமிடத்தை ஏமாற்று வித்தையாகக் காட்டும் ஆசையே அது.

அறிவியலும் இக்கதையை ஏற்கவில்லை. காந்தத்தை நெருங்கினால் இழுப்பு கூடும், விலகினால் குறையும். ஆகவே இரும்புச் சிலை மயிரிழை உயர்ந்தால் விதானத்தில் ஒட்டிக்கொள்ளும். மயிரிழை தாழ்ந்தால் விழுந்துவிடும். அசையாத காந்தங்களின் விசையால் மட்டும் இத்தகைய பொருளை நிலையாக நிறுத்த இயலாது என்பது, 1842இல் ஆங்கிலேயர் சாமுவேல் எர்ன்ஷா நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படும்.

மெய்யாகவே மிதக்கும் பொருள் பின்னர்தான் கிடைத்தது. மைனஸ் 269 பாகை செல்சியஸ் அளவில் பாதரசத்தின் மின்தடை மறைவதை 1911இல் ஹாலந்தின் காமர்லிங் ஓன்னஸ் கண்டார். இத்தகைய மீக்கடத்தி காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியேற்றுவதை 1933இல் ஜெர்மானியர் மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் கண்டறிந்தனர். அதன் மேற்பரப்பில் தடையின்றி ஓடும் மின்னோட்டம் எதிர்ப்புலத்தை உண்டாக்கிக் காந்தத்தைத் தள்ளுகிறது. இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் போன்ற பொருள், திரவ நைட்ரஜனின் குளிரிலேயே மீக்கடத்தியாவது 1987இல் தெரியவந்தது. அத்தகைய பொருளினுள் காந்தப்புலத்தின் சில இழைகள் சிக்கிக்கொள்வதால், அது சாய்ந்த நிலையிலும் விழாமல் நிற்கும். கஸ்வீனியின் கதைச் சிலையால் ஆகாதது இதற்கு ஆகிறது.

இன்று மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகளில் மீக்கடத்திக் கம்பிச் சுருள்களே பெருங்காந்தங்களாகப் பயன்படுகின்றன. மூளையின் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் மீக்கடத்தி உணரிகளைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியுள்ளது. ஜப்பானில் இத்தகைய சுருள்களைச் சுமந்த ரயில் பாதையினின்று 10 செ.மீ. அளவு உயர்ந்து, 2015இல் மணிக்கு 603 கி.மீ. வேகம் கண்டது.

நபிகளாரின் அடக்கத்தலம் பற்றிய ஐரோப்பியக் கதையைப் பொய்யென்று தள்ளும் நாம், சோமநாதர் கதையை நம்மவர் எழுதினார் என்பதற்காக ஏற்கலாகாது. கஸ்வீனியின் பெருமை இதனால் குறையாது. கேட்டதைப் பதிவு செய்தவர் அவர். ஆராய்ந்து ஏற்பது படிப்போர் கடமை. அக்கடமைக்கு அல்பீரூனி நமக்கு விட்டுச்சென்ற முன்மாதிரி ஆயிரமாண்டுப் பழமையுடையது.