அட்டைப் படத்தில் வந்த கணினி



1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டும் கணினி அது. கடையில் அதைப் பார்த்த பால் ஆலன், நண்பர் பில் கேட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். மைக்ரோசாஃப்ட் பிறந்தது.

இதழ் வளர்த்த கணினியே இதழ்களுக்கு எமனாயிற்று. வாசகரும் விளம்பரமும் இணையத்துக்குப் போக, 'பைட்' 1998-இல் நின்றது. 'மேக்சிமம் பிசி' 2023-இல் அச்சை நிறுத்தியது.

இன்று தேடியது நொடியில் கிடைக்கிறது. தேடாதது கண்ணில் படுவதில்லை. பழைய புத்தகக் கடையில் வேறெதற்கோ போய் எடுத்த இதழில்தான், பின்னாளில் வகுப்பில் உங்களுக்குச் செய்துகாட்டிய ரேடியோவின் சுற்றுப்படத்தைக் கண்டேன். அந்தக் கட்டு இன்னும் பரணில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்து வாருங்கள், சும்மா புரட்டட்டும்.