112 அடி நீள நடப்பு நிகழ்வு

காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுவது பயிற்சி மையங்களின் பலகைகள்தான். குரூப் 4, குரூப் 2, வங்கித் தேர்வு, ரயில்வே. அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு என்று எல்லாப் பக்கமிருந்தும் நம் பிள்ளைகள் விடிகாலையில் கிளம்பி வருகிறார்கள். பணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கிறது, தாட்கோ நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன. எங்கே படித்தாலும் எல்லார் கையிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருக்கும்: ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட மாதாந்திர நடப்பு நிகழ்வுகள் தொகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பக்கத்துக் காலனி சமுதாயக் கூடத்தில் நான் வகுப்பெடுக்கிறேன். வகுப்பு என்பதெல்லாம் பெரிய வார்த்தை, உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறோம். ஒருநாள் ஒரு தங்கை தன் தொகுப்பிலிருந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "எஸ்.சி. உள்ஒதுக்கீடு தீர்ப்பு, 2024 ஆகஸ்ட் 1, ஏழு நீதிபதிகள், ஆறுக்கு ஒன்று." அருந்ததியர் வீட்டுப் பெண். அந்தத் தீர்ப்பால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்கண்ணா."

அவள் சொன்னது சரிதான், கேட்கமாட்டார்கள். ஆனால் தேர்வு என்பதே இந்த நாட்டின் மிகப்பெரிய நடப்பு நிகழ்வாக இருந்த ஒரு காலம் உண்டு. அந்தச் செய்தியை வாசித்து வேறு மாதிரி பதில் சொன்னவர் இதே கோயம்புத்தூரில் படித்தவர்.

தாத்தா இரட்டைமலை சீனிவாசனைச் சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். அதில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். 1939-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது புத்தகத்தோடு காத்திருந்து, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். பள்ளி விட்டதும் மற்றப் பையன்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வீட்டுக்கு விரைந்துவிடுவாராம். விளையாட்டு கிடையாது. கூட்டாளி கிடையாது. இன்று பயிற்சி மையத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "நீங்க எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு" என்று தொடங்கும்போதே பேச்சை மாற்றும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் ஓடிய ஓட்டம் இன்னும் முடியவில்லை.

படித்த பிறகு நீலகிரியில் வெள்ளையர் வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை பார்த்தார். 1890-ல் சென்னைக்குப் போனார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் எந்தச் சொல் வெளியே வந்துவிடக் கூடாது என்று ஒளிந்து நடந்தாரோ, அதையே அதற்குப் பெயராக வைத்தார்: 'பறையன்'. நாலு பக்கம், விலை இரண்டணா, முதலில் மாத இதழ், பிறகு வார இதழ். இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றதாக அவரே குறித்திருக்கிறார். ஊரார் பத்திரிகையில் நம் செய்தி வராது, வந்தாலும் நம் பக்கத்திலிருந்து வராது என்பதை அவருக்கு முன்பே உணர்ந்து பத்திரிகை நடத்தியவர்கள் உண்டு. 'சூரியோதயம்' 1869-லேயே வந்துவிட்டது.

அந்த 1893-ல் சென்னைப் பத்திரிகைகள் பேசிய செய்தி ஐ.சி.எஸ். தேர்வு. இந்தியாவை ஆளும் அதிகாரிகளைப் போட்டித் தேர்வு வைத்து எடுக்கும் முறை 1855-ல் தொடங்கியது. தேர்வு லண்டனில் மட்டும். 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர்தான் முதல் இந்தியராகத் தேறினார். கப்பல் செலவு, அங்கே தங்கிப் படிக்கும் செலவு, ஆங்கிலேயப் பள்ளிகளுக்கென்றே அமைந்த பாடத்திட்டம் எல்லாம் சேர்ந்து இந்தியர்களை வெளியே நிறுத்தின. அதனால் இந்தியாவிலும் அதே நேரத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் 1885-ல் தன் முதல் மாநாட்டிலேயே கேட்டது. 1893 ஜூன் 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் சபை அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

இன்றைய பாடப்புத்தகத்துக் கண்ணால் பார்த்தால் இது நல்ல செய்தி. தாத்தா அதை வேறு கண்ணால் பார்த்தார். தேர்வு இங்கே நடந்தால் எழுதப் போவது யார்? கோயம்புத்தூர் வகுப்பறையின் கணக்கு அவருக்குத் தெரியும். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, அந்தக் கோரிக்கையை எதிர்த்து மனு தயாரித்தார்கள். 3,412 பேர் கையெழுத்திட்டார்கள். ஒட்டி ஒட்டி நீண்ட அந்த மனுவின் நீளம் 112 அடி. ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர் வழியாக அது நாடாளுமன்றத்துக்குப் போனது. நம்மில் பெயர் எழுதத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்த காலத்தில் 3,412 கையெழுத்து என்றால் எத்தனை சேரிகள் நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தார் என்ற பழி அன்றிலிருந்து இன்றுவரை இதற்காக அவர்மேல் இருக்கிறது. லண்டன் தேர்வு நமக்கும் திறந்த கதவு அல்ல என்பது உண்மை. லண்டனுக்குக் கப்பலேறும் வசதி எந்தச் சேரியில் இருந்தது? தீர்மானம் அன்று நடைமுறைக்கு வராமல் போனதற்கும் அந்த மனுவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வெள்ளை அதிகாரிகளுக்குத் தங்கள் பதவியை விட்டுக்கொடுக்க மனமில்லை. இந்திய மண்ணில் ஐ.சி.எஸ். தேர்வு நடந்தது 1922-ல்தான். ஆனாலும் அந்த மனுவை ராஜவிசுவாசம் என்று ஒதுக்குகிறவர்கள் அதற்கு முந்தைய ஆண்டு என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். ஆணை மேலிருந்து வந்தது. நிலத்தை அளந்து, பேர் எழுதி, பட்டா கொடுக்க வேண்டியவர்கள் தாசில்தாரும் கணக்குப்பிள்ளையும். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதை வைத்துத்தான் ஆணை உயிரோடிருக்கும். பஞ்சமி நிலங்கள் எங்கே போயின என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கோரிக்கை மாறியது. தேர்வே வேண்டாம் என்பதிலிருந்து, தேர்வில் எங்கள் பங்கு எங்கே என்று. 1928-ல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு வேலைக்கு ஒன்று ஒடுக்கப்பட்டோருக்கு. 1943-ல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது மத்திய அரசுப் பணிகளில் கிடைத்தது 8.33 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் பன்னிரண்டில் ஒன்றுதான்.

கொங்குக் கிராமங்களுக்கு இதெல்லாம் வெகுநாள் எட்டவில்லை. இங்கே அரசாங்கம் என்றால் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்தான். அப்பன் மணியக்காரர் என்றால் மகன் மணியக்காரர். என் தாத்தா ஒரு சான்றிதழுக்காக மணியக்காரர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று நாள் நின்ற கதையை அப்பா சொல்லியிருக்கிறார். 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அந்தப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் 1982-ல் சட்டத்தை உறுதி செய்தது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். இன்று குரூப் 4 எழுதி, நேர்முகத் தேர்வு இல்லாமல், மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் வைத்து அந்த நாற்காலிக்கு ஒரு காலனிப் பெண் வரலாம். குரூப் 4-ஐ வெறும் கிளார்க் பரீட்சை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வங்கிக்கு வருவோம். கரூரில் 1916-லும் 1926-லும் தொடங்கிய இரண்டு தனியார் வங்கிகள் நம் பகுதியின் பெருமையாகச் சொல்லப்படுகின்றன. தனியார் வங்கியில் இடஒதுக்கீடு கிடையாது. 1969-ல் 14 வங்கிகள் அரசுடைமையான பிறகுதான் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நம் ஆட்கள் உட்கார வழி பிறந்தது. அதற்குள்ளும் புதுக்கணக்கு வந்தது. 2019-ல் ஸ்டேட் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக்கான கட்ஆஃப் நினைவிருக்கிறதா? பொது, ஓ.பி.சி., எஸ்.சி. மூன்றுக்கும் 61.25. எஸ்.டி. 53.75. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கு 28.5. "தகுதி, திறமை" என்று நம்மிடம் இத்தனை வருடம் பாடம் நடத்தியவர்கள் அந்த வாரம் எங்கே போனார்களோ தெரியவில்லை. அந்தப் பத்து விழுக்காட்டைத் தந்த 103-வது அரசியல் சட்டத் திருத்தம் நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளில் ஒரு வரி: 2019. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு வரி: 2022, மூன்றுக்கு இரண்டு. 28.5 எந்தத் தொகுப்பிலும் என் கண்ணில் படவில்லை.

அதே 2019 நவம்பரில் நம் ஊர்ச் செய்தி ஒன்று நாடு முழுக்க ஓடியது. கோவை மாநகராட்சியில் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்குச் சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். தலைப்புகளில் ஒரே அதிர்ச்சி: இன்ஜினியர் குப்பை அள்ள வருகிறாரே! தலைமுறை தலைமுறையாக அருந்ததியர்களே அந்த வேலையைச் செய்துவந்ததில் யாருக்கும் அதிர்ச்சி இருந்ததில்லை. நிரந்தர வேலை, சம்பளம் என்று வந்ததும் கூட்டம் வந்தது. அன்று நம் பிள்ளைகள் வாசித்திருக்க வேண்டிய நடப்பு நிகழ்வு அதுதான்.

இப்போது அந்தத் தங்கையின் ஆறுக்கு ஒன்றுக்கு வருகிறேன். 2008-ல் நீதிபதி ஜனார்த்தனம் குழு அறிக்கை கொடுத்தது. அதை வைத்து, 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தரும் சட்டம் 2009-ல் வந்தது. எஸ்.சி. பட்டியலைப் பிரிக்கக் கூடாது என்ற 2004 சின்னையா தீர்ப்பு அதன் தலைமேல் கத்தியாகத் தொங்கியது. பதினைந்து வருடம் கழித்து, பஞ்சாபின் தவிந்தர் சிங் வழக்கில், ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நீதிபதி பேலா திரிவேதி மட்டும் மாறுபட்டார். தமிழ்நாட்டின் சட்டமும் பிழைத்தது. நம் இயக்கங்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை, அந்த விவாதத்தை நாம் ஒளிக்க வேண்டியதும் இல்லை. அதே தீர்ப்பில் சில நீதிபதிகள் எஸ்.சி.களுக்கும் கிரீமிலேயர் வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்ற பயம் எனக்கும் உண்டு.

இதையெல்லாம் அன்று மாலை ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் வந்தபோது அவள் தொகுப்பில், ஆறுக்கு ஒன்று என்ற வரிக்குப் பக்கத்தில், பென்சிலில் எழுதியிருந்தாள்: "குரூப் 4-ல எனக்கு 3% இருக்கு. பேங்க் பரீட்சையில ஏன் இல்ல?" வங்கித் தேர்விலும் மத்திய அரசுத் தேர்வுகளிலும் எஸ்.சி. முழுவதும் ஒரே பட்டியல்தான் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. தீர்ப்பையே எடுத்து வாசித்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், 565 பக்கம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு.